ஊதாத விசிலுக்கு முறையீடு உண்டா?

கேள்வி: அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்தில் கடைசி நொடியில் நடுவர்கள் தவறு செய்கிறார்கள், ஆட்டமே கைமாறிப் போகிறது. மறுநாள் ‘ஆமாம், தவறுதான்’ என்று லீக் அறிக்கை விடுகிறது. முடிவை மட்டும் மாற்றுவதில்லை. விலைபோன நடுவர்களைக் காப்பாற்றத்தானே இந்த அறிக்கை?

பதில்: ‘விலைபோன’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். அப்படி ஒருவர் இருந்தார், டிம் டோனகி. தான் விசில் ஊதிய ஆட்டங்களிலேயே பந்தயம் கட்டியவர். விஷயம் 2007-இல் வெளியே வந்தது, 2008-இல் 15 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. அந்த ஒருவரைக் காட்டி இன்றைய நடுவர்கள் அனைவர் மீதும் ஆதாரமில்லாமல் பழி போடுவது அநியாயம்.

ஆனால் உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 2023 ஜனவரி 28, பாஸ்டன். செல்டிக்ஸும் லேக்கர்ஸும் 105-105 என்று சமநிலையில் நிற்க, கடைசி நொடியில் லேக்கர்ஸின் லெப்ரான் ஜேம்ஸ் கூடையை நோக்கி எழும்புகிறார். செல்டிக்ஸின் ஜேசன் டேட்டமின் கை அவருடைய இடது கையை அடிக்கிறது. களத்தில் மூன்று நடுவர்கள், ஒரு விசில்கூட இல்லை. ஃபவுல் என்று ஊதியிருந்தால் இரண்டு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் மறிக்காமல் எறியும் ஒரு புள்ளி எறிதல். ஒன்று விழுந்தாலே லேக்கர்ஸ் ஏறத்தாழ ஜெயித்த மாதிரிதான். கூடுதல் நேரத்துக்குப் போன ஆட்டத்தில் செல்டிக்ஸ் 125-121 என்று வென்றது. லேக்கர்ஸின் பேட்ரிக் பெவர்லி பக்கத்தில் இருந்த கேமராவை வாங்கிவந்து நடுவரிடமே படத்தைக் காட்டினார். அதற்கு அவருக்கு டெக்னிக்கல் ஃபவுல், அதாவது நடத்தைக்கான தண்டனை, கொடுத்தார்கள். மறுநாள் நடுவர் சங்கமே தவறை ஒப்புக்கொண்டு, நெஞ்சு வலிக்கிறது என்ற பொருளில் எழுதியது.

அதற்காக முடிவை மாற்றலாமா? கூடாது என்பதுதான் என் கருத்து. 2024 பிப்ரவரியில் ஹூஸ்டனில், 0.3 நொடி மீதமிருக்கையில் நியூயார்க் நிக்ஸின் ஜேலன் பிரன்சன் ஃபவுல் செய்தார் என்று ஊதினார்கள். ஹூஸ்டன் ராக்கெட்ஸின் ஆரன் ஹாலிடே ஃப்ரீ த்ரோவில் இரண்டைப் போட, அந்த அணி 105-103 என்று வென்றது. ஊதியிருக்கக் கூடாது என்று தலைமை நடுவரே அன்றிரவு சொல்லிவிட்டார். நிக்ஸ் புகார் கொடுத்தது, லீக் தள்ளுபடி செய்தது. விதியையே தவறாகக் கையாண்டிருந்தால்தான் புகார் நிற்கும். கண்ணால் கண்டு தீர்மானித்ததில் பிசகு என்றால் நிற்காது.

புகார் நின்ற அபூர்வமான வழக்கையும் பாருங்கள். 2007 டிசம்பரில் அட்லாண்டாவில், மயாமியின் ஷகீல் ஓ’நீலின் ஐந்தாவது ஃபவுலை ஆறாவது என்று தவறாக எண்ணி அவரை வெளியேற்றினார்கள்; ஆறு ஆனால்தான் வெளியேற வேண்டும். கடைசி 51.9 நொடியை 2008 மார்ச்சில் மறுபடி ஆடச் சொன்னது லீக். அதற்குள் ஓ’நீல் ஃபீனிக்ஸ் அணிக்கே மாறிப் போயிருந்தார். யாரும் ஒரு புள்ளிகூடப் போடவில்லை, தோற்ற மயாமி தோற்றதுதான். இந்தப் பரிகாரத்தையா ஒவ்வொரு தவறுக்கும் கேட்கிறீர்கள்?

அறிக்கையைக் கண்டும் எரிச்சல்படாதீர்கள். நெருக்கமான ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடத்தை அலசி, ஊதிய விசில்களையும் ஊதாமல் விட்ட முக்கியமான இடங்களையும் சரியா தவறா என்று 2015 மார்ச்சிலிருந்து லீக் வெளியிட்டு வருகிறது. தன் தவறை இவ்வளவு வெளிப்படையாக எழுதிவைக்கும் விளையாட்டு அமைப்புகள் குறைவு. 2016 கிறிஸ்துமஸ் ஆட்டத்தில் தனக்கு நேர்ந்த தவறை அறிக்கை ஒப்புக்கொண்டபோது, வீரர் கெவின் டுரான்ட், நடுவர்களை இப்படிக் காட்டிக்கொடுக்காதீர்கள் என்று லீக்கைக் கண்டித்தார். அவருடைய பெருந்தன்மையை மதிக்கிறேன். ஆனால் அறிக்கை இருக்கத்தான் வேண்டும்.

நான் சண்டை போடுவது வேறு இடத்தில். 2019-20 சீசனிலிருந்து பயிற்சியாளர் நடுவர் தீர்ப்பை எதிர்த்து மறுபரிசீலனை கேட்கலாம். ஊதிய ஃபவுலுக்குக் கேட்கலாம், ஊதாத ஃபவுலுக்கென்று தனியாகக் கேட்க முடியாது. கிரிக்கெட்டில் நடுவர் ‘நாட் அவுட்’ என்றாலும் பந்துவீசும் அணி டி.ஆர்.எஸ். கேட்கிறது. அந்த உரிமை இங்கே இல்லை. பாஸ்டனில் நடந்தது இந்த ஓட்டையால்தான். 2025 ஏப்ரல் 27-இல் டெட்ராய்ட்டில் நடந்ததும் அதே. பிளேஆஃப் ஆட்டம், பிஸ்டன்ஸ் 93-94 என்று பின்தங்கியிருக்கிறது. மூன்று புள்ளிக்கு எறிந்த டிம் ஹார்டவே ஜூனியர் மீது நிக்ஸின் ஜாஷ் ஹார்ட் மோதினார், விசில் இல்லை. ஃபவுல் கொடுத்திருக்க வேண்டும் என்று ஆட்டம் முடிந்ததும் தலைமை நடுவர் சொன்னார். மூன்று ஃப்ரீ த்ரோ போன இடம் தெரியவில்லை. தொடர் 2-2 ஆகியிருக்கலாம், நிக்ஸுக்குச் சாதகமாக 3-1 ஆனது.

கூடைப்பந்தில் ஒவ்வொரு நொடியும் உடல் உரசும், எல்லாவற்றுக்கும் முறையீடு என்றால் ஆட்டமே ஓடாது என்பார்கள். நடு ஆட்டத்துக்கு அது சரி. ஆனால் நான் சொன்ன இரண்டிலும் பந்து கையை விட்டதோடு கடிகாரமும் தீர்ந்துவிட்டது. நிறுத்துவதற்கு ஓட்டம் ஏது? கடைசி எறிதலில், நேரம் முடிந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிவதற்குள் பந்து விரலை விட்டதா என்று 2002-லிருந்தே வீடியோ பார்க்கிறார்கள். அதே எறிதலில் விரலைப் பார்க்கலாமாம், அந்தக் கையில் விழுந்த அடியைப் பார்க்கக் கூடாதாம். இதற்கு ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை. கடைசி எறிதலுக்கு மட்டுமாவது, ஊதாத ஃபவுலை மறுபரிசீலனைக்குள் கொண்டுவர வேண்டும்.

விதி மாற்றத்தைப் பரிந்துரைப்பது லீக்கின் போட்டிக் குழு, அனுமதிப்பது அணி உரிமையாளர்களின் ஆளுநர் குழு. உங்கள் கோபத்தை நடுவர்கள் மேல் காட்டாமல் அவர்களிடம் காட்டுங்கள்.