பொன்னாடையால் வாடகை கட்ட முடியாது

தம்பி,

யாழ்ப்பாணத்தில் நாடகமும் அரங்கியலும் படித்துப் பட்டம் எடுத்தவர், ரொறன்ரோவுக்கு வந்து ஆறு வாரம் என்று எழுதியிருக்கிறீர். நெறியாள்கையையும் நாடகப் பயிற்சியையும் வைத்து இங்கே சீவிக்கலாமா, எந்தப் பக்கம் வீடு எடுக்கலாம், குளிர்ச் சட்டைக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று மூன்று கேள்விகள். வீட்டையும் சட்டையையும் விடும். ஸ்கார்பரோவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஆளுக்கொரு விதமாக.

நெறியாள்கையை வைத்துச் சீவிக்க முடியாது. கற்பிப்பதை வைத்துச் சீவிக்கலாம், ஆனால் நீர் நினைக்கிற வழியில் அல்ல.

சமூக அரங்கு என்பது இந்த நாட்டில் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள் மாலையில் செய்கிற காரியம். வெள்ளைக்காரருடைய குழுக்களிலும் நடிகர்களுக்குச் சம்பளம் இல்லை. நெறியாளருக்குச் சிறு சன்மானம் கிடைத்தால் பெரிய விஷயம். நம்மவர்கள் பொன்னாடை போர்த்துவார்கள். என் அலமாரியில் பதினொன்று இருக்கின்றன. முதலாவது, வந்த புதிதில் ஒரு சங்கத்தின் பிள்ளைகளுக்கு எட்டு மாதம் சனிக்கிழமை தவறாமல் பயிற்சி கொடுத்ததற்குக் கிடைத்தது. "காசைப் பிறகு பார்ப்போம்" என்றார்கள். பிறகு ஒருவரும் பார்க்கவில்லை. அதனால் சொல்கிறேன்: எத்தனை வகுப்பு, எவ்வளவு காசு, எப்போது கிடைக்கும் என்று எழுத்தில் வாங்காமல் யாருக்கும் வகுப்பு எடுக்காதீர், அவர் உம்முடைய ஊர்க்காரராக இருந்தாலும். ஊர்க்காரராக இருந்தால் இன்னும் கவனம்.

பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு மண்டபம், பக்கவாத்தியம், சாப்பாடு என்று ஒரு கார் வாங்கும் காசை இறைக்கிற குடும்பம்தான், நாடகத்துக்கு இருபது டொலர் டிக்கெட் என்றால் "பிள்ளைக்கும் எடுக்க வேண்டுமா?" என்று கேட்கும். நடனத்தின் மீது எனக்குக் கோபமில்லை. கேட்டவர் மீதுதான்.

கலை மன்றங்களின் உதவித்தொகை பற்றி யாராவது உமக்கு ஆசை காட்டியிருப்பார்கள். கனடா கலை மன்றம் 1957இலிருந்தும் ஒன்ராறியோ கலை மன்றம் 1963இலிருந்தும் இருக்கின்றன, நல்ல காரியம் செய்கின்றன. ஆனால் அந்தக் காசு ஒரு தயாரிப்புக்கு உரியது. அதை நம்பி மாத வாடகைக்குக் கையெழுத்துப் போடாதீர்.

நிரந்தரச் சம்பளம் வேண்டுமென்றால் பள்ளிக்கூடம்தான். ஒன்ராறியோவில் உயர்பள்ளியில் நாடகம் ஒரு பாடம். ஆனால் அதைக் கற்பிக்க இங்கத்தைய ஆசிரியர் உரிமம் வேண்டும். உம்மிடம் பட்டம் மட்டும்தான் இருக்கிறது, ஆசிரியப் பயிற்சி இல்லை. ஆகவே கல்வியியல் பட்டம் படிக்க வேண்டியிருக்கும். 2015இல் அதை நான்கு தவணையாக நீட்டினார்கள். மேல்வகுப்புகளுக்கு இரண்டு பாடம் காட்ட வேண்டும், நாடகம் ஒன்று போதாது. உமக்குக் கணக்கோ பிரெஞ்சோ வருமென்றால் வெட்கப்படாமல் அதையும் எடும். "நான் கலைஞன், கணக்கு வாத்தியார் இல்லை" என்று சொன்ன என் நண்பர் இருபது வருடமாக டாக்ஸி ஓட்டுகிறார். ஊரில் தான் யார் என்பதை ஏறுகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறார். பிள்ளைகளோடு எந்த வேலை செய்வதானாலும் பொலிஸ் சான்று கேட்பார்கள். இன்றைக்கே விசாரித்து வையும்.

பிள்ளைகளைப் பற்றியும் ஒன்று. 1985இல் 'மண் சுமந்த மேனியர்' என்ற நாடகத்தைப் பார்த்துவிட்டு இதுதான் என் வழி என்று முடிவெடுத்தவன் நான். அந்தத் திமிரோடுதான் இங்கே வந்தேன். பிள்ளைகள் தமிழ் வசனத்தை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருந்ததைக் கண்டு பிரதியைப் பிடுங்கி மேசையில் அடித்தேன். அடுத்த வாரம் பாதிப் பேர் வரவில்லை. பிறகு பிரதியைத் தூக்கி வைத்துவிட்டு உடம்பிலிருந்து தொடங்கினேன்: நட, நில், பனியில் வழுக்கி விழு. மகனின் கடிதத்துக்காகக் காத்திருக்கும் தாயாக நடித்த ஒன்பது வயதுப் பிள்ளை, "அம்மா ஏன் ஃபோன் எடுக்கவில்லை?" என்று கேட்டாள். எங்கள் ஊரில் அப்போது ஃபோன் இல்லை என்றேன். "அப்படியென்றால் அதையல்லவா நடிக்க வேண்டும்?" என்றாள். அதைத்தான் நடித்தோம். இன்றைக்கும் அந்தத் தயாரிப்பைத்தான் என்னுடையது என்று சொல்வேன்.

ஒத்திகை ஊரில் போல இரவிரவாக நடக்காது. ஒருவருக்கு இரவு வேலை, ஒருவருக்கு மகளின் நீச்சல் வகுப்பு. நிலவறையில் சாப்பாட்டு மேசையைத் தள்ளிவிட்டு, தரையில் நாடா ஒட்டி மேடை அளந்து, வராத நடிகருக்குப் பதிலாக ஒரு கதிரையை நிறுத்தி ஒத்திகை பார்த்திருக்கிறேன். சில கதிரைகள் நன்றாக நடித்தன.

மண்டபத்தின் நேரத்தில் மட்டும் விளையாடாதீர். என் முதல் நாடகம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், ஆறு மணிக்கு என்று அழைப்பிதழ். தலைமையுரை, வாழ்த்துரை, வாழ்த்துரைக்கு நன்றியுரை என்று திரை விலக எட்டே கால். மண்டபம் பத்து மணி வரைக்கும்தான் எங்களுக்கு. பத்துக்குக் காவலாளி சாவிக்கொத்தோடு வந்துவிட்டார், போர்த்துக்கீசர். கடைசிக் காட்சி இன்னும் தொடங்கவில்லை. எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் கெஞ்சினேன். "சட்டம்" என்று மணிக்கூட்டைக் காட்டினார். ஆனால் விளக்கை அணைக்கவில்லை. கதவில் சாய்ந்து, சாவி சத்தம் போடாமல் கைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டு, ஒரு சொல்லும் விளங்காத அந்தக் காட்சியை முடியும் வரை பார்த்தார்.

அடுத்த வாரம் மேலதிக நேரத்துக்கு பில் வந்தது. சங்கம் என்னைக் காட்டியது. இரண்டு இரவு பாத்திரம் கழுவிய காசு அதற்குப் போனது.