நீலக் கையுறை எல்லாவற்றையும் தாங்குமா?

கேள்வி: காரைக்குடி பக்கம் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. வேதியியல் படிக்கிறேன். எங்கள் லேபில் எந்த வேலைக்கும் பெட்டியில் வரும் அதே நீல நைட்ரைல் கிளவுஸ்தான். டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பான் பட்டால், கிளவுஸ் போட்டிருந்தும் விரல் சுரீரென்று எரிகிறது. கொஞ்சம் தடிமனாக வாங்கினால் சரியாகிவிடுமா, இல்லை வேறு வகை வேண்டுமா?

பதில்: வேறு வகைதான் வேண்டும். மெல்லிய நைட்ரைலைக் கடந்து வர டைகுளோரோமீத்தேனுக்கு ஒன்றிரண்டு நிமிடமே அதிகம், ஓட்டை எதுவும் தேவையில்லை. பெருங்காயத்தை பாலிதீன் கவரில் இறுக்கிக் கட்டி வைத்தாலும் அலமாரியே மணக்கிறதே, அதே கதைதான். திரவத்தின் மூலக்கூறுகள் ரப்பருக்குள் கரைந்து மறுபக்கம் வெளிவந்துவிடும், வெளியே பார்த்தால் கிளவுஸ் புதுசு மாதிரியே இருக்கும். வெறும் கையில் பட்டிருந்தால் கொஞ்ச நேரத்தில் ஆவியாகிப் போயிருக்கும். உள்ளே வந்தது போக வழியில்லாமல் தோலோடு கிடப்பதால்தான் அந்த எரிச்சல்.

தடிமன் விஷயத்துக்கு வருவோம். தடிமன் இரண்டு மடங்கானால் ஊடுருவும் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும் என்பது கணக்கு. ஆனால் ஒரு நிமிடத்தின் நான்கு மடங்கு நான்கு நிமிடம்தானே, அதை வைத்துக்கொண்டு, கலவையைக் குழாயில் பிரித்தெடுக்கும் ‘காலம்’ (column) குரோமட்டோகிராஃபி ஒன்றுகூட முடிக்க முடியாது. பொருளே பொருந்தாதபோது தடிமனுக்குக் காசு கொடுப்பது வீண்.

டைகுளோரோமீத்தேனுக்கு நான் சொல்வது லேமினேட் கையுறை. பல பிளாஸ்டிக் படலங்களை ஒட்டிச் செய்தது, ஏறக்குறைய எல்லாக் கரைப்பான்களையும் தாங்கும், ஆனால் கையில் தொளதொளவென்று இருக்கும், பிடிமானம் வராது. அதனால் அதை உள்ளே போட்டு மேலே உங்கள் நீல நைட்ரைலை ஒரு சைஸ் பெரிதாகப் போட்டுக்கொள்ளுங்கள். பாலிவினைல் ஆல்கஹால் கையுறையும் குளோரின் கலந்த கரைப்பான்களுக்கும் டொலுயீனுக்கும் அருமையானது, ஒரே சிக்கல், தண்ணீர் பட்டால் கரைந்துபோகும். மாணவர்கள் மாறி மாறிப் பயன்படுத்தும் லேபில் அதை வாங்கிவைக்க நான் சொல்லமாட்டேன், யாராவது ஒருவர் போட்டபடியே குழாயைத் திறந்துவிடுவார்.

அசிட்டோன், எத்தில் அசிட்டேட், அடர் அமிலங்கள் என்றால் பியூட்டைல் ரப்பர். உங்கள் ஊரில் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருப்பதால் மின்வேதியியல் புராஜெக்ட் எடுப்பவர்கள் அதிகம் இருப்பீர்கள், தினசரி கையாளும் அசிட்டோநைட்ரைலுக்கும் அதேதான். ஆனால் ஹெக்சேன், டொலுயீன், டைகுளோரோமீத்தேன் எதற்கும் பியூட்டைல் உதவாது, விலை அதிகம் என்பதால் எல்லாவற்றுக்கும் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். நைட்ரைலைக் குறை சொல்லவும் வேண்டாம், ஹெக்சேனுக்கும் எண்ணெய்க்கும் நீர்த்த அமிலம், காரத்துக்கும் அது போதும்.

வாங்கும்போது பெட்டியில் ஈ.என். ஐ.எஸ்.ஓ. 374-1 என்ற, ரசாயனக் கையுறைகளுக்கான தர எண் இருக்கிறதா பாருங்கள். பக்கத்தில் ஒரு குடுவைப் படமும் அடியில் சில ஆங்கில எழுத்துகளும் இருக்கும், ஒவ்வோர் எழுத்தும் சோதித்த ஒரு ரசாயனத்தைக் குறிக்கும். ஆங்கில வரிசையில் இரண்டாம் எழுத்து அசிட்டோன், நான்காம் எழுத்து உங்கள் டைகுளோரோமீத்தேன், எல் என்றால் 96 சதவீத கந்தக அமிலம், எம் என்றால் 65 சதவீத நைட்ரிக் அமிலம். படத்துக்கு மேலே ‘டைப் ஏ’ என்றிருந்தால் பட்டியலில் உள்ள ஆறு ரசாயனங்களுக்காவது 30 நிமிடம் தாங்கியிருக்கிறது என்று அர்த்தம். எந்த ஆறு என்பதுதான் முக்கியம், அது அந்த எழுத்துகளில்தான் இருக்கிறது.

இன்னொன்று, அந்த நிமிடங்கள் 23 டிகிரி செல்சியஸில் அளந்தவை. சூடு ஏற ஏற ஊடுருவல் வேகமாகும், அதிலும் கிளவுஸுக்குள் இருக்கும் கை எப்போதும் 23 டிகிரியைவிடச் சூடுதான். மே மாதம் காரைக்குடியில் ஏ.சி. இல்லாத லேபில், தயாரிப்பாளர் தரும் ஊடுருவல் அட்டவணை 30 நிமிடம் என்றால் நான் 15-க்கு மேல் நம்பமாட்டேன்.

அப்புறம், மருந்துக்கடையில் கிடைக்கும் லேடெக்ஸ் கையுறையைக் கரைப்பான்களுக்குப் போடாதீர்கள். 1996 ஆகஸ்டில் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரிப் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹான் லேடெக்ஸ் கையுறை போட்டிருந்தபோது டைமெத்தில் மெர்க்குரி என்ற கொடிய பாதரசச் சேர்மம் சில சொட்டுகள் அதன்மேல் விழுந்தன, அடுத்த ஜூனில் இறந்துபோனார். பிறகு சோதித்துப் பார்த்ததில் அந்த மாதிரிக் கையுறையைக் கடக்க அதற்கு 15 விநாடிகூட ஆகவில்லை.

லேமினேட் வரும்வரை நீலக் கிளவுஸ்தான் இருக்கிறதென்றால் இரண்டாகப் போடுங்கள், டைகுளோரோமீத்தேன் தெறித்த உடனே இரண்டையும் கழற்றி, கையைக் கழுவி, புதுசு மாட்டுங்கள். கழுவிக் காயவைத்து மறுபடி போடும் வேலை வேண்டாம், ஊறிய கரைப்பான் கழுவினால் போகாது. போட்ட கையோடு போனை எடுப்பதையும் விடுங்கள்.

ஆளுக்கு ஒரு ஜோடி பியூட்டைல் வாங்கக் கல்லூரியில் பணம் ஒதுக்கமாட்டார்கள் என்று தெரியும். லேபுக்கு இரண்டு ஜோடி போதும், உள்ளே மெல்லிய நைட்ரைல் போட்டுக்கொண்டு மாறி மாறிப் பயன்படுத்தலாம். மதுரையிலோ திருச்சியிலோ ஆர்டர் கொடுக்கும்போது அந்த மாடலுக்கான ஊடுருவல் அட்டவணையையும் கேட்டு வாங்குங்கள், தராத கடையில் வாங்க வேண்டாம்.