டாக்கா இல்லாமல் அக்கவுண்டிங் முடிப்பவருக்கு

கலிஃபோர்னியாவில் அக்கவுண்டிங் கடைசி வருஷம், டாக்கா (DACA, சிறுவயதில் அமெரிக்கா வந்த ஆவணமற்றவர்களுக்குத் தற்காலிகப் பாதுகாப்பும் வேலை அனுமதியும் தரும் திட்டம்) இல்லை, சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் இல்லை, படிப்பு வீணா என்று கேட்டிருந்தீர்கள். வீணே இல்லை. 2014-இல் வந்த எஸ்பி 1159 சட்டப்படி, அங்கே குடியேற்ற நிலையைக் காட்டி சிபிஏ (சான்று பெற்ற கணக்காளர்) லைசென்ஸை மறுக்க முடியாது. சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்குப் பதில் ஐடின் (ITIN, வரித்துறை தரும் வரி எண்) போதும்.

ஆனால் லைசென்ஸ் வேறு, வேலை அனுமதி வேறு. சம்பள வேலை என்றால், வேலை அனுமதி உண்டா என்று பார்க்கும் ஐ-9 படிவம் வரும். அதில் 'அமெரிக்கக் குடிமகன்' கட்டத்தில் தயவுசெய்து டிக் போடாதீர்கள், யார் சொன்னாலும் சரி. பின்னாளில் கல்யாணத்தால் கிரீன் கார்டுக்கு வழி பிறந்தாலும் அந்த ஒரு டிக் அதை அடைத்துவிடும்.

சொந்தமாகக் கணக்கு எழுதித் தரும் தொழிலுக்கு ஐ-9 இல்லை. வாடிக்கையாளர் உங்கள் வரி எண்ணைக் குறிக்கும் டபிள்யூ-9 படிவம் கேட்பார். அதில் 'குடிமகன் அல்லது பிற அமெரிக்க நபர்' என்றிருக்கும். இது வரிக் கணக்குக்கான சொல். அமெரிக்காவில் தங்கிய நாள்களின் கணக்கால் வரிக்கு மட்டும் குடியிருப்பவராகக் கருதப்படுபவரும் இதில் அடக்கம். இருந்தாலும், கையெழுத்துக்கு முன் குடியேற்ற வக்கீலிடம் காட்டிவிடுங்கள். அனுமதி இல்லையென்று தெரிந்தே வேலை தருவது கொடுப்பவருக்கும் சட்டவிரோதம். நிகர வருமானம் 400 டாலரைத் தொட்டால் சுயதொழில் வரி 15.3 சதவீதம், வரும் பணத்தில் கால் பங்கைத் தனியே எடுத்து வையுங்கள்.

ஐடின் இன்னும் எடுக்கவில்லையா? 2025 ஏப்ரலில் வரித்துறை குடியேற்றத் துறையோடு தகவல் பகிர ஒப்பந்தம் போட்டது. புது முகவரியோடு டபிள்யூ-7 (ஐடின் கேட்கும் விண்ணப்பம்) அனுப்பும் முன் அதையும் வக்கீலிடம் கேளுங்கள்.