உலாவி இல்லாத சர்வரில் கிட்ஹப் கட்டளைவரிக் கருவியில் உள்நுழைவது எப்படி? கடவுச்சொல்லை ஏற்க மறுக்கிறதே?

கடவுச்சொல் சரியாக இருந்தும் மறுக்கப்பட்டால் தவறு உங்களுடையது அன்று. கோடை ஏற்றி இறக்கும் கிட் செயல்பாடுகளுக்குக் கணக்கின் கடவுச்சொல்லை ஏற்பதை கிட்ஹப் 2021 ஆகஸ்ட் 13 அன்றே நிறுத்திவிட்டது. என்னைப் போலவே நீங்களும் எஸ்எஸ்ஹெச் என்ற தொலைவழி இணைப்பின் மூலம் அலுவலகச் சர்வருக்குள் நுழைந்து, கெடு நெருங்கும் வேளையில் இதோடு மல்லுக்கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

சர்வரில் உலாவி தேவையே இல்லை. ‘ஜிஹெச் ஆத் லாகின்’ (gh auth login) கட்டளையில் உலாவி வழியைத் தேர்ந்தெடுத்தால் எட்டு எழுத்துள்ள ஒருமுறைக் குறியீடு ஒன்று தோன்றும். கைப்பேசியில் கிட்ஹப்பின் சாதன உள்நுழைவுப் பக்கத்தைத் திறந்து, பதினைந்து நிமிடங்களுக்குள் அதை இட்டு ஒப்புதல் அளித்தால், காத்திருக்கும் கருவி தனக்குரிய டோக்கனை, அதாவது கடவுச்சொல்லுக்குப் பதிலான அனுமதிச் சரத்தை, தானே பெற்றுக்கொள்ளும்.

ஆனால் அதற்கு முன் ‘ஜிஹெச் ஆத் ஸ்டேட்டஸ்’ (gh auth status) கொடுத்து, கருவி உங்களை யாரென்று கருதுகிறது எனப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. நான் லாகின் கொடுத்தபோதெல்லாம், ஜிஹெச்_டோக்கன் (GH_TOKEN) என்ற சூழல் மாறியே (நிரல்கள் படித்துக்கொள்ளும் அமைப்பு மதிப்பே) பயன்பாட்டில் உள்ளது, முதலில் அதை நீக்குக என்ற பொருளில் ஒரு செய்தி வந்தது. அதை அரைகுறையாகப் படித்துவிட்டுக் கருவியை இரண்டு முறை நீக்கி நிறுவினேன். பிறகு, மற்றக் கட்டளைகள் ஓடுகின்றனவே என்று வேலையைத் தொடர்ந்தேன். மறுநாள் ஒரு முன்னாள் சக ஊழியர் தொலைபேசியில் அழைத்து, “தம்பி, நான் வேலையை விட்டு நாலு மாசமாச்சு, என் பேர்ல யாருப்பா கோட் ரிவ்யூ பண்றது?” என்று கேட்டார். ஆறு பேர் பகிர்ந்துகொண்ட ஒரே பயனர் கணக்கின் பாஷ்ஆர்சி (.bashrc) என்ற தொடக்க அமைப்புக் கோப்பில், அந்த மாறியின் மதிப்பாக அவருடைய டோக்கன் கிடந்தது. அந்த மாறி இருக்கும்வரை, சேமித்த உள்நுழைவை விட அதற்கே முன்னுரிமை. விலகியவரின் அணுகலை நான்கு மாதங்களாக நீக்காத நிர்வாகம், விளக்கக் கடிதம் கேட்டது என்னிடம்தான்.

எஸ்எஸ்ஹெச் சாவி போதாதா என்று சிலர் கேட்கலாம். கோடை கிட்ஹப்புக்கு அனுப்ப, அதாவது புஷ் செய்ய, போதும். ஆனால் புல் ரிக்வெஸ்ட் (மாற்றங்களை இணைக்கக் கோரும் விண்ணப்பம்) போன்றவற்றுக்கு இக்கருவி, நிரல்கள் கிட்ஹப்போடு பேசும் ஏபிஐ என்ற இடைமுகத்தை அழைப்பதால் டோக்கன் வேண்டும். சர்வரில் ரகசியங்களைப் பூட்டி வைக்கும் சாவிவளைய வசதி இல்லையெனில் அந்த டோக்கன் வெறும் உரைக்கோப்பாகவே சேமிக்கப்படும் என்பதால், பகிர்ந்த கணக்கில் நான் வேலை முடிந்ததும் லாக்அவுட் செய்கிறேன். அது சர்வரிலுள்ள பதிவை மட்டுமே அழிக்கும். டோக்கனையே செல்லாததாக்க, கிட்ஹப் அமைப்புகளில் ஒப்புதல் பெற்ற செயலிகளின் பட்டியலுக்குச் சென்று நீக்க வேண்டும்.