வட்ஸ்அப்பில ஆளை நிப்பாட்டின முதலாளிக்கு

திருகோணமலை மத்திய வீதியில ஹார்ட்வெயார் கடை வச்சிருக்கிற ஒருத்தர் எழுதியிருக்கிறார். 17 பேர் வேலை செய்யினமாம். 7 வருசமா நிண்ட பெடியனுக்கு மாசம் 25,000, சாப்பாடு தங்குமிடம் ஓசி, தங்கச்சியின்ர கலியாணத்துக்கும் காசு குடுத்தவராம். 2026 மார்ச் கடைசியில பெடியன் கஸ்டமருக்கு முன்னால ‘இப்ப ஆகக்குறைஞ்ச சம்பளம் 30,000 தானே’ எண்டு கேட்டிட்டான், இவர் ராவே ‘நாளையில இருந்து வராத’ எண்டு வொய்ஸ் போட்டிட்டார். இப்ப லேபர் ஒபிசில இருந்து கடிதம். சட்டத்தை இப்பிடி மாத்திக்கொண்டே இருந்தா நாங்க எப்பிடித் தெரிஞ்சுகொள்ளுறது எண்டு கேக்கிறார்.

அண்ணன், நீங்க எழுதின கலியாணக் காசு, நன்றி கெட்டவன், கஸ்டமருக்கு முன்னால அவமானம், இதொண்டும் விசாரணையில ஏறாது. சட்டப்படி குடுக்கவேண்டிய ஆகக்குறைஞ்ச மாசச் சம்பளம் மாறினது உண்மை, 2025 ஏப்ரல்ல 27,000, 2026 ஜனவரியில 30,000. உங்கட பாக்கி 9 மாசத்துக்கு 2,000 படி, 3 மாசத்துக்கு 5,000 படி, மொத்தம் 33,000, அதுக்குரிய ஈ.பி.எப் (ஊழியர் சேமலாப நிதி), ஈ.ரி.எப் (ஊழியர் நம்பிக்கை நிதி), தண்டப்பணம். கட்டினா முடியிற விசயம். சாப்பாடு குடுத்தனான் எண்ட கதையை மட்டும் எடுக்காதீங்க, ஈ.பி.எப் சட்டத்தில சாப்பாட்டின்ர பெறுமதியும் உழைப்பில சேரும், வாயைக் குடுத்து இன்னும் கூடக் கட்டுவீங்க.

உங்களை மாட்டினது புதுச் சட்டமே இல்லை, ஆளை வேலையால நிப்பாட்டுறது பற்றின 1971ஆம் ஆண்டுச் சட்டம். நீக்கின மாசத்துக்கு முந்தின 6 மாசத்தில வேலை செய்த ஆக்களின்ர சராசரி 15 பேருக்குக் குறையாட்டி, ஒழுக்காற்று நடவடிக்கையா நிப்பாட்டினாலும் காரணத்தை ரெண்டாவது வேலை நாளுக்குள்ள எழுத்தில குடுக்கவேணும். நீங்க குடுக்கேல்லை. அப்ப பெடியன்ர எழுத்துச் சம்மதமோ லேபர் கமிசனர்ர அனுமதியோ இருக்கவேணும், அதுவும் இல்லை. திரும்ப வேலைக்கு எடு, இடைப்பட்ட சம்பளத்தையும் குடு எண்டு உத்தரவு வரலாம்.

இந்த இடத்திலதான் கன பேர் விழுறதை நான் பாத்திருக்கிறன். ஆரோ ஒருத்தர் ‘பழைய திகதி போட்டு ஒரு கடிதம் அடி’ எண்டு சொல்லுவார், வரவு இடாப்பையும் புதுசா எழுதுவினம், மூண்டு மாசத்துக்கும் ஒரே பேனை, ஒரே மை, ஒரு வெட்டுக் கூட இல்லை, ஒபிசர் பாத்த உடனே கொப்பியை மூடி வச்சிட்டு உங்கட முகத்தைப் பாப்பார். பதிவுத் தபால் துண்டு எங்க எண்டு கேட்டா என்ன சொல்லுவீங்க? பெடியன்ர போனில உங்கட குரல் நேரத்தோட கிடக்கு. பொய்ச் சாட்சியம் உருவாக்கினா பிறகு அது கிரிமினல் வழக்கு, நான் கூட வரமாட்டன். அதே மாதிரி, 15 பேருக்குக் குறைவு எண்டு காட்டப் பாதிப் பேரை மனிசியின்ர பேரில இருக்கிற கடைக்கு மாத்திக் காட்டுறது, இத்தனை நாள் இல்லாத களவுக்கு இப்ப பொலிசில என்ட்ரி போடுறது, ரெண்டும் வேண்டாம். சம்பளம் குடுக்கிறது ஒரே கை எண்டு தெரிய அஞ்சு நிமிசம் காணும்.

பேசித் தீருங்க. வர்த்தமானியில இருக்கிற நட்டஈட்டுக் கணக்கை அளவுகோலா எடுத்தா 7 வருசத்துக்கு பதினாறரை மாசச் சம்பளம், 30,000 படி 4,95,000. பணிக்கொடை தனிய 1,05,000. இதுக்குக் கீழ எவ்வளவுக்கு இறங்குவான் எண்டது உங்கட பேச்சில இருக்கு, வழக்கு இழுபட இழுபட பின்சம்பளம் ஏறும். காசைக் கையில குடுத்து வெத்துப் பேப்பரில கையெழுத்து வாங்காதீங்க, லேபர் ஒபிசில எழுதி ரெண்டு பேரும் ஒப்பம் வச்சு செக்கா குடுங்க.

விசாரணைக்கு முன்னம் மற்ற 16 பேரின்ர சம்பளத்தையும் சரிப்பண்ணுங்க, இடாப்பைத் திறக்கிற ஒபிசர் ஒருத்தன்ர பக்கத்தோட நிப்பாட்டமாட்டார்.