புதுக்கடை ஏற்றமும் கடற்காற்றும்

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு வயது 38. கொழும்பு வெள்ளவத்தையில் அம்மாவோடு இருக்கிறேன். புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் வேலை. தினமும் 100 அல்லது 101 பஸ்ஸில் நெரிபட்டுப் போய், புறக்கோட்டையில் இறங்கி மிச்சத்தை நடக்கிறேன். 2022இல் பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் தம்பி வாங்கிய கியர் சைக்கிள் வீட்டில் சும்மா நிற்கிறது. அவன் இப்போது கனடாவில். மரைன் டிரைவ், காலிமுகத்திடல் என்று கடலைப் பார்த்தபடி வேலைக்குப் போய்வர ஆசை. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம், டியூஷன் எல்லாம் சைக்கிளில் போனவள்தான். ஆனால் அங்கே ஏற்றம் என்ற பேச்சே இல்லை. புதுக்கடை ஏற்றத்தை நினைத்தால்தான் பயம். வியர்த்து வழிந்துகொண்டு அலுவலகத்தில் போய் எப்படி உட்காருவது? இந்த வயதில் விழுந்து கையைக் காலை முறிக்கப் போகிறாய் என்று அம்மா வேறு சொல்லிக்கொண்டிருக்கிறார்.
வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, நீங்கள் பயப்படுகிற இடம் உங்கள் பாதையிலேயே மிகச் சின்ன பங்கு. வெள்ளவத்தையிலிருந்து புதுக்கடைக்கு ஒன்பது, பத்துக் கிலோமீட்டர் வரும். அதில் காலிமுகத்திடல் தாண்டும்வரை ஏறக்குறைய சமதரைதான். கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், புதுக்கடைப் பக்கம்தான் நிலம் கொஞ்சம் மேடாகிறது. போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பிடிக்க வந்த ஒல்லாந்தத் தளபதி ஹுல்ஃப்ட் பாளயம் அடித்தது உங்கள் அலுவலகம் இருக்கிற அந்த மேட்டில்தான். 1656இல் அந்த முற்றுகை நடந்துகொண்டிருக்கும்போதே அவர் இறந்துபோனார். இடத்துக்கு மட்டும் ஹல்ஸ்டொர்ப் என்று அவர் பெயர் நிலைத்துவிட்டது. படை இறக்குகிறவருக்கு மேடு வசதி, சைக்கிள் மிதிக்கிறவருக்குத்தான் கொஞ்சம் கரைச்சல்.

அந்தக் கரைச்சலுக்கு மருந்து உங்கள் வீட்டிலேயே நிற்கிறது: கியர். யாழ்ப்பாணத்துப் பழக்கத்தில் வேகமாக ஓடிவந்து, அந்த வேகத்திலேயே ஏறிவிடலாம் என்று தோன்றும். பாதி ஏற்றத்தில் மூச்சு முட்டும். அந்த நேரம் பார்த்துக் கியரை மாற்றினால் செயின் கடகடவென்று கழன்றுவிடும். ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே, கால் லேசாக இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். முன்னால் சின்னப் பல்சில்லு, பின்னால் பெரியது. அப்புறம் சீட்டில் உட்கார்ந்தபடியே சின்னச் சின்னதாக, விடாமல் மிதியுங்கள். பக்கத்தில் நடந்து போகிறவர் உங்களை முந்தினாலும் பரவாயில்லை. முடியாவிட்டால் இறங்கி உருட்டிக்கொண்டு போங்கள். டாம் வீதியில் மூட்டை சுமந்து, கைவண்டி தள்ளுகிற நாட்டாமைத் தொழிலாளர்களைப் பார்த்துப் பழகிய சனம் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

நான் உங்களை எச்சரிப்பது வேறொன்றைப் பற்றி. காற்று. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து வரும். காலையில் வடக்கே போகும்போது அது முதுகில் கைவைத்துத் தள்ளும். ஆகா, எவ்வளவு சுகம் என்று நினைப்பீர்கள். மாலையில் தெற்கே திரும்பும்போது அதே காற்று முகத்துக்கு நேரே நிற்கும். கணக்கைப் பாருங்கள். நீங்கள் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள், எதிரே 15 கிலோமீட்டரில் காற்று வருகிறது என்றால், காற்றே இல்லாத நாளை விட நான்கு மடங்கு விசை உங்களைப் பின்னுக்குத் தள்ளும். காலிமுகத்திடலில் மறைப்புக்கு ஒரு மரம்கூடக் கிடையாது. புதுக்கடை ஏற்றம் சில நிமிடங்களில் முடிந்துவிடும், இந்த ஏற்றமோ வெள்ளவத்தை வரைக்கும் முடியாது. அதற்கும் அதே கியர்தான். வேகத்தை விட்டுக்கொடுங்கள், முழங்கையை மடித்துக் கொஞ்சம் குனிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. நாம் இடப்பக்கமாகப் போகிறவர்கள். ஆகவே காலையில் மரைன் டிரைவில் கடலும் ரயில் பாதையும் உங்கள் தோளோரம். குறுக்கே வர அநேகமாக ஒன்றும் இல்லை. மாலையில் நீங்கள் கட்டிடங்கள் இருக்கும் பக்கம். ஒவ்வொரு ஒழுங்கையிலிருந்தும் ஒரு முச்சக்கரவண்டி மூக்கை நீட்டும். நிறுத்திய கார்களில் யாராவது பின்னால் பாராமல் கதவைத் திறப்பார்கள். காரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளியே ஓட்டுங்கள். பின்னால் ஹோர்ன் அடித்தால் அடிக்கட்டும். கடலை ரசிப்பதெல்லாம் காலையில் வைத்துக்கொள்ளுங்கள், மாலையில் கண் ஒழுங்கை வாசல்களில் இருக்கட்டும். இங்கே வருடம் முழுவதும் ஆறு, ஆறரை மணியோடு இருட்டத் தொடங்கிவிடுகிறது. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு விளக்கு இல்லாமல் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள்.

இதனால்தான் சொல்கிறேன், முதல் மாதம் போக வர இரண்டும் வேண்டாம். காலையில் சைக்கிளில் போங்கள், அலுவலகத்திலேயே நல்ல பூட்டாகப் போட்டு விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்புங்கள். மறுநாள் பஸ்ஸில் போய், தெம்பிருந்தால் சைக்கிளில் வாருங்கள். இல்லாவிட்டால் அது அங்கேயே நிற்கட்டும். நிறுத்த இடம் கேட்பதற்கு உங்கள் சட்டத்தரணியை விட வாச்சரிடம் பேசுவதுதான் உத்தமம். வாரத்தில் இரண்டு நாள் போதும். ஐந்து நாளும் போவேன் என்று சபதம் எடுத்தவர்களின் சைக்கிள்கள்தான் கொழும்பில் பல்கனிகளில் உடுப்புக் காயப் போட உதவிக்கொண்டிருக்கின்றன.

அதற்கு முன் ஒரு ஞாயிறோ, பௌர்ணமி விடுமுறையான போயா நாளோ முழுப் பாதையையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். புறக்கோட்டையில் லொறி இறக்குகிற நாளில் பாதை படிக்க முடியாது. கடைகள் பூட்டிய நாளில் எந்தத் தெரு ஒருவழி, எங்கே இறங்கி உருட்டுவது நல்லது என்று நிதானமாகப் பார்க்கலாம். மரைன் டிரைவ் இருக்கிற தூரம் வரை காலி வீதிக்கு மட்டும் போகாதீர்கள். தரிப்பிடத்துக்கு வெட்டி வருகிற பஸ்களுக்கு நடுவே சைக்கிளோடு நிற்பது எந்த வயதிலும் புத்தி இல்லை.

வியர்வை வரத்தான் செய்யும், இது கொழும்பு. பையை முதுகில் மாட்டாமல் பின் கரியரில் கட்டினாலே பாதி குறையும். அலுவலக உடுப்பை வாரத்துக்கு இரண்டு செட் அங்கேயே கொண்டுபோய் வைத்துவிடுங்கள். போனவுடன் முகம் கழுவி உடுப்பு மாற்றாதீர்கள். சைக்கிளை நிறுத்திய பிறகும் உடம்பு கொஞ்ச நேரம் வியர்க்கும், புது உடுப்பும் நனைந்துவிடும். பத்து நிமிடம் மின்விசிறிக்குக் கீழே ஆறிவிட்டு மாற்றுங்கள். அதற்கேற்ப முன்கூட்டிக் கிளம்ப வேண்டும். சேலையும் சால்வையும் ஓட்டும்போது வேண்டவே வேண்டாம். காற்சட்டை என்றால் வலது காலை மடித்துக் கட்டுங்கள், செயின் அந்தப் பக்கம்தான்.

தம்பி உங்களை விட உயரமா? சைக்கிளின் நடுத்தண்டுக்கு இருபுறமும் கால் வைத்து நின்று பாருங்கள். இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படியவில்லை என்றால் அந்த சைக்கிள் உங்களுக்கு ஆகாது. அதை விற்றுவிட்டு உங்கள் அளவுக்கு ஒன்று வாங்குங்கள், பாசம் பார்க்காதீர்கள். சரியாக இருந்தால் சீட்டின் உயரத்தைப் பாருங்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். நம் ஊரில் சீட்டைத் தாழ்த்தி ஓட்டியே பழகிவிட்டோம். சமதரையில் தெரியாது, ஏற்றத்தில் முழங்கால் சொல்லிவிடும்.

இத்தனை நாள் நின்ற சைக்கிள் என்பதால் டயர், டியூப், பிரேக் கட்டைகளைக் கடையில் காட்டி மாற்றியே ஆக வேண்டும். புதுக்கடையில் ஏறியதை மாலையில் இறங்கவும் வேண்டுமே. இறங்கும்போது இரண்டு பிரேக்கையும் சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பிடியுங்கள். மழை நனைந்த சில்லில் பிரேக் பிடிக்கத் தாமதமாகும் என்பதால் அன்றைக்கு இன்னும் முன்னதாகவே.

அம்மாவுக்கு ஒரு ஹெல்மெட்டை வாங்கிக் காட்டுங்கள், போய்ச் சேர்ந்ததும் ஒரு மிஸ்ட் கோல் கொடுங்கள். கடலோரம் ஓடுகிற சைக்கிளுக்கு உப்புத்தான் எதிரி. வாரத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் போதும் என்று யாராவது சொல்வார்கள். விடாதீர்கள், பிசுபிசுத்து மணலையெல்லாம் பிடித்துவைத்துக்கொள்ளும். சைக்கிள் கடையில் செயின் எண்ணெய் என்று கேட்டாலே தருவார்கள்.