பார்சல் ட்ரேயை நாமே செய்துகொள்ளலாமா?

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ஒரு ஹேட்ச்பேக் கார் வாங்கினேன். பின்சீட்டுக்குப் பின்னால் டிக்கியை மூடும் பார்சல் ட்ரே அதில் இல்லை. தெரிந்த தச்சர் ஒருவர், 12 மி.மீ. பிளைவுட்டில் செய்து தருவதாகவும், அதன் மேலேயே பை, பெட்டி எல்லாம் வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார். செய்யலாமா? – ஒரு வாசகர், ஈரோடு

பதில்: தாராளமாகச் செய்யலாம், ஆனால் 12 மி.மீ. பலகை வேண்டாம், அதன் மேல் பெட்டி வைக்கும் எண்ணமும் வேண்டாம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி நின்றுவிட்டால், பின்னால் கட்டப்படாமல் கிடக்கும் பொருள் அதே வேகத்தில் முன்னோக்கிப் பாயும். ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து, விழும் பொருள் தரையைத் தொடும்போது எந்த வேகத்தில் இருக்குமோ அந்த வேகம் அது. ஒரு மீட்டர் நீளமும் அரை மீட்டர் அகலமும் கொண்ட 12 மி.மீ. பிளைவுட் ஏறத்தாழ 4 கிலோ இருக்கும். அது பின்சீட்டில் உட்காருபவர்களின் பிடரிக்கு நேராக இருக்கிறது என்பதைத் தச்சர் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார். அவர் அலமாரிக் கணக்கில் சொல்லியிருக்கிறார்.

எடை இன்னொரு விதத்திலும் தொல்லை தரும். டிக்கிக் கதவைத் திறக்கும்போது, ட்ரேயைக் கதவோடு இணைக்கும் இரு பக்கக் கயிறுகளும் ட்ரேயைச் சேர்த்தே தூக்குகின்றன. கதவைத் தாங்கும் கேஸ் ராடுகள் அந்தக் கதவின் எடையைக் கணக்கிட்டுப் பொருத்தப்பட்டவை; பழைய வண்டியில் அவை ஏற்கெனவே தளர்ந்திருக்க வாய்ப்புண்டு. கூடுதல் பாரம் ஏறினால், நீங்கள் குனிந்து சாமான் எடுக்கும்போது கதவு தலையில் இறங்கும்.

ஆகவே 6 மி.மீ. பிளைவுட்டைத் தேர்ந்தெடுங்கள். 4 மி.மீ. பலகையோடு ஒப்பிட்டால் இதன் எடை ஒன்றரை மடங்குதான், விறைப்போ மூன்று மடங்குக்கும் மேல். மொத்த எடையும் 2 கிலோவை ஒட்டியே நிற்கும். பின்விளிம்பின் அடியில் ஒரு மெல்லிய ரீப்பரை ஒட்டி, திருகும் போட்டுவிட்டால் நடுவில் தொய்வு விழாது. விளம்பரப் பலகைகளுக்குப் பயன்படும் சன்பேக் ஷீட் லேசானது, மலிவானது என்று சிலர் பரிந்துரைப்பார்கள்; பின்கண்ணாடிக்கு நேர் கீழே நாள் முழுவதும் வெயில் காயும் இடத்தில் அது விரைவிலேயே வளைந்துவிடும் என்பதால் தற்காலிக ஏற்பாடாக மட்டும் கொள்ளுங்கள்.

பலகையில் கை வைக்குமுன் அட்டையில் மாதிரி வெட்டுவது மிக அவசியம். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி இதற்குத் தோதானது. டிக்கிக் கதவுப் பக்கத்து அகலமும் சீட்டுப் பக்கத்து அகலமும் ஒன்றாக இருக்காது. பக்கங்களில் பிளாஸ்டிக் டிரிம் வளைந்து வளைந்து போகும். பாதி வடிவத்தை மட்டும் சரியாக வெட்டி, மடித்து மறுபாதியைப் பெறலாம் என்றாலும், இரு பக்கமும் அச்சாக ஒன்றுபோல் இருக்கும் என்று நம்பிவிடாமல் வண்டியில் வைத்துப் பாருங்கள். மேலே ஒட்டும் கம்பளத் துணி விளிம்பில் மடிந்து அடியில் போகும்போது பக்கத்துக்கு 2 அல்லது 3 மி.மீ. கூடும், அதற்கும் சேர்த்துச் சுற்றிலும் 5 மி.மீ. குறைத்தே பலகையை அறுக்கச் சொல்லுங்கள். சீட்டின் சாய்வை மாற்ற முடிகிற வண்டியானால், சீட்டு அதிகம் சாய்ந்திருக்கும் நிலையில் அளவெடுக்க வேண்டும்.

துணி கறுப்பாகவும் பளபளப்பு இல்லாமலும் இருக்கட்டும். வெளிர் நிறத் துணியின் பிம்பம் பின்கண்ணாடியில் விழுந்து, ரியர்வியூ மிரரில் பார்க்கும் காட்சியை மங்கலாக்கும். ஒட்டுவதற்கு ரப்பர் பசையை இரு பரப்பிலும் பூசி, கையில் ஒட்டாத அளவுக்கு உலர்ந்த பிறகு சேர்த்து அழுத்துங்கள். விளிம்பில் மடித்த இடங்களில் ஸ்டேப்ளர் பின்னும் அடித்துவிட்டால், வெயிலில் பசை இளகினாலும் துணி பிரியாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது பொருத்துவதுதான். பல ஹேட்ச்பேக்குகளில் பக்கவாட்டு டிரிமில், சீட்டை ஒட்டி, ஒரு சிறு பள்ளம் இருக்கும். கம்பெனி ட்ரேயின் முளை அதில் சொருகி நின்று கீல்போல் திரும்பும். அந்தப் பள்ளத்தின் விட்டத்துக்கு ஏற்ற முளையைப் பலகையில் உறுதியாகப் பதித்துவிட்டால் ட்ரே எளிதில் முன்னோக்கி நழுவாது. அடிப்படை வேரியன்டுகளில் ட்ரேயோடு பக்கத் தாங்கிகளும் இல்லாமல் போவதுண்டு. அப்படியானால் நீங்களே செய்வதைவிட, சென்னை வரும்போது புதுப்பேட்டையில் பழைய உதிரிபாகக் கடைகளில் தாங்கிகளோடு சேர்த்துத் தேடுவதே மேல் என்பது என் கருத்து.

கேள்வி: அதே ட்ரேயில் 6x9 அங்குல ஓவல் ஸ்பீக்கர் இரண்டைப் பதிக்கலாமா? – ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: வேண்டாம். காந்தத்தோடு சேர்த்து இரண்டு ஸ்பீக்கர்களின் எடை பலகையின் எடையையே எட்டிவிடும். மேலே சொன்ன இரு ஆபத்துகளும் அப்படியே திரும்பி வரும். டிக்கியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஒயர் இழுபட்டு, இணைப்பும் விட்டுப்போகும். பின்கதவுகளில் கம்பெனியே ஸ்பீக்கருக்கு இடம் விட்டிருந்தால் அங்கே பொருத்துங்கள்.

கேள்வி: நானே செய்த ட்ரே மேடுபள்ளத்தில் கடகடக்கிறது. கயிறும் கதவில் மாட்டிக்கொள்கிறது. – ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: ட்ரே தாங்கிகளைத் தொடும் இடங்களில் மட்டும், கதவு இடுக்குகளில் ஒட்டும் மெல்லிய ஃபோம் டேப்பை ஒட்டுங்கள், சுற்றிலும் ஒட்டினால் ட்ரே இறுகிப்போகும். கயிறு மாட்டுவது பெரும்பாலும் நீளம் கூடியதால்தான். கதவை முழுவதும் திறந்து, ட்ரே பாதி உயரத்துக்கு எழும்பி நிற்கும் அளவுக்குக் கயிற்றைச் சுருக்கி முடிச்சிடுங்கள். அதன் பிறகும் தொங்கினால், நைலான் கயிற்றுக்குப் பதிலாக இழுபடும் எலாஸ்டிக் கயிற்றைப் போடுங்கள். கதவு மூடும்போது அது தானாகச் சுருங்கி, லாக் பக்கம் போகாமல் இருக்கும்.